வரைபடக் காட்சியும் சங்க இலக்கிய இடப்பெயர்களும்: ஒரு திறனாய்வு

அட்டவணையாகத் தொகுத்த தரவினை நாட்காட்டியாகவும் அட்டைகளாகவும் நிலப்படமாகவும் மாற்றிக் காணும் வசதியை இன்றைய தரவுத்தள, ஆவண மென்பொருள்கள் வழங்குகின்றன. 2011இல் வெளிவந்த லீஃப்லெட் போன்ற கட்டற்ற நிரல் தொகுப்புகளால், ஊர்ப்பெயர் நிரல் ஒன்றினைச் சில மணிநேரத்தில் இயங்கு வரைபடமாக்கிவிடலாம். இடப்பெயராய்வுக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. எனினும், இக்காட்சியை நம் துறையினர் கையாளும் முறை திறனாய்வுக்கு உரியது.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனின் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகிய ஊர்கள் வருகின்றன. இவற்றை ஒரு நிரலிலிட்டு, பெயரைக் கொண்டு ஆயத்தொலைகளைத் தேடித்தரும் கருவியிடம் ஒப்படைத்தால், ‘வேலூர்’ பாலாற்றங்கரை மாநகரில் போய் அமரும். பாட்டு கூறும் வேலூரோ ஓய்மானாட்டில், திண்டிவனம் வட்டாரத்தில் தேடப்பட வேண்டியது; அதனை உப்புவேலூர் எனக் கொள்வோர் உளர். ஆமூர் என்னும் பெயரிலோ பல ஊர்கள் உள்ளன. கருவி ஒன்றைத் தெரிந்தெடுக்கும். ஏன் தெரிந்தெடுத்தது என்று கூறாது.

அகலாங்கும் நெட்டாங்கும் இடம்மாறும் பிழை இதனினும் தீங்கு குறைந்தது. ஜியோஜேசன் வடிவம் நெட்டாங்கையே முதலில் எழுதும். வரிசை மாறினால் கரூர் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டுக்கு மேற்கே மிதக்கும். அதனைக் கண்டவர் நகைத்துவிட்டுத் திருத்துவர். வேலூர்ப் பிழையைக் கண்டு நகைப்பார் இலர். அது மேற்கோளாகி அடுத்த ஆய்வேட்டிற்குச் சென்றுவிடும்.

வஞ்சியின் நிலை வேறு. அங்குக் கருவி பிழை செய்யவில்லை; நாமே முடிவு செய்யவில்லை. கொங்குநாட்டுக் கரூர் என்பார்க்குப் புகலூர்க் கல்வெட்டுகளில் வரும் இரும்பொறை மரபும், அங்குக் குறிக்கப்படும் கருவூர்ப் பொன்வணிகனும், அமராவதிப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளும் சான்று. தாலமியும் சேர மன்னனின் இருக்கையை உள்நாட்டுக் கரூராவாகவே குறிக்கிறார். கொடுங்கல்லூர்ப் பகுதி என்பார் திருவஞ்சைக்களத்தின் பெயரையும் மேலைக்கடற்கரைச் சேரர் மரபையும் காட்டுவர். கட்டுரையாளர் கரூர்ப் பக்கமே சாய்பவர். ஆயினும் வரைபடத்தில் கரூர்மீது ஒற்றைப் புள்ளி இடுவது அச்சாய்வை முடிவாக்கிவிடுகிறது. எழுத்தில் ‘எனக் கருதலாம்’ என்றிருந்த தொடர் புள்ளியாகும்போது ‘இதுவே’ என்றாகிறது.

கல்வெட்டுத் தரவுகளில் சிக்கல் இன்னும் மிகுதி. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் நூல், கல்வெட்டுகளில் வரும் ஊர்களை முதலில் இடங்கண்டு, பின்னரே நாடுகளின் பரப்பை வரைந்தது. நாடு என்பது ஊர்களின் தொகுதி. அதற்கு நடுப்புள்ளி எனத் தனியே ஒன்றில்லை. முதலாம் இராசராசன் காலத்தில் வளநாடு என்னும் அடுக்கு அதன்மேல் ஏறியது. கல்வெட்டு கிடைத்த கோயிலின் ஆயத்தொலையையே அதில் சுட்டப்படும் நாட்டுக்கும் கொடை பெற்ற ஊருக்கும் இட்டுவைக்கும் தரவுத்தளம் இவ்வுழைப்பு முழுவதையும் தலைகீழாக்குகிறது. கிடைத்த இடம், சுட்டப்பெறும் இடம், கல் இன்று வைக்கப்பட்டுள்ள இடம் ஆகிய மூன்றும் மூன்று புலங்களாக இருத்தல் வேண்டும்.

தொழில்நுட்பம் இதற்கு இடந்தரவில்லை என்பது பொருந்தாது. 2016இல் வெளியான ஜியோஜேசன் தரநிறுவல், இடம் அறியப்படாத பொருளுக்கு வடிவியலை வெறுமையாக விட இசைகிறது. பண்டைய உலக இடங்களைத் தொகுக்கும் பிளையாடிஸ் அகராதி, இடம், அதன் பெயர்கள், அதன் அமைவிடங்கள் என்பவற்றைத் தனித்தனியே வைக்கிறது. ஓரிடத்திற்குப் பல அமைவிடங்கள் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இடர் காட்சிப்படுத்தலில் உள்ளது. ஆயத்தொலை இல்லாத வரிகளை வரைபடக் காட்சி ஓசையின்றி விட்டுவிடுவது பொதுவழக்கு. கபாடபுரம் அட்டவணையில் இருக்கும், படத்தில் இராது. பார்ப்பவர் அதனை விடுபட்டதாக அறியவும் வழியில்லை. படத்தின் ஓரத்தில் ‘இடங்காணப்படாதவை’ என ஒரு பட்டியல் இடுவதற்குப் பெரிய நிரலாக்கம் தேவையில்லை.

வஞ்சிக்கு இரு புள்ளிகள், இரண்டிற்கும் தனித்தனிச் சான்று, முன்மொழிந்தவர் பெயர், உறுதிநிலை என நான்கு புலங்களைச் சேர்ப்பதும் அவ்வாறே. ஆற்றுப்படைக்கோ புள்ளிகள் போதா. வழிநடையே அதன் பொருள். நான்கு ஊர்களையும் நேர்கோட்டால் இணைத்தால் பாணன் நடவாத வழியொன்று தோன்றும். அக்கோட்டினை எவ்வாறு வரைவது என்பதற்கு எயிற்பட்டினம் முதல் கிடங்கில் வரையிலான நிலத்தை நேரில் நடந்து பார்த்த களஆய்வே விடைதர இயலும்.