சுவரில் இருக்கும் பழைய சாக்கெட் யார் பொறுப்பு?

பிரிட்டனில் பழைய வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு போடும் பேச்சு வந்தாலே, "இது ஸ்டாண்டர்டு சாக்கெட் இல்லையே" என்ற பேச்சும் கூடவே வரும். ஏதோ வீட்டுக்காரர் தப்பு செய்துவிட்ட மாதிரி. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1981 வரை அங்கே பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக்கு பிளக், சாக்கெட் எதுவும் கிடையாது. கருவியை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அதன் ஒயர் சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்குள் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். 1981-ல் புது பிளக்கும் சாக்கெட்டும் வந்தன. ஆரம்பகால மாஸ்டர் சாக்கெட்டுகளுக்கு ஒரே மூடிதான். பிறகு வந்த என்.டி.இ.5 வகையில்தான் கீழ்ப்பாதி மூடியைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினால் வீட்டுக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் எல்லாம் துண்டித்துக்கொள்ளும், உள்ளே ஒரு சோதனை சாக்கெட் தெரியும். மூடிக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரருடையது, அந்தப் பக்கம் கம்பெனியுடையது. எளிமையான, நல்ல எல்லைக்கோடு.

ஆக, இன்று ஸ்டாண்டர்டு இல்லை என்று சொல்லப்படும் சாக்கெட்டுகளில் பல, போட்ட காலத்தில் ஸ்டாண்டர்டாகவே இருந்தவை. வீடு அப்படியே நின்றது, தரம்தான் நகர்ந்து போனது.

மணிக் கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஓடுவது 2, 5 என்ற இரண்டு முனைகளில். பழைய கருவிகளின் மணி அடிக்க, மாஸ்டர் சாக்கெட்டில் உள்ள மின்தேக்கி வழியாக மூன்றாவது முனையிலிருந்து ஒரு கம்பி போகும். பேச்சுக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஏ.டி.எஸ்.எல். வந்ததும் அதே கம்பி ஆன்டெனா மாதிரி இரைச்சலை இழுத்து வேகத்தைக் குறைத்தது. அதைக் கழற்றிவிட்டாலே பல வீடுகளில் வேகம் கூடியது. தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து செம்பு என்ற கட்டம் வந்தபோது உள் ஒயரிங்கின் குறைகள் இன்னும் உறைத்தன. அப்போதும் தீர்வு சுலபம்: மாஸ்டர் சாக்கெட்டிலேயே வடிகட்டி உள்ள மூடியைப் போட்டால் போதும்.

வீடு வரை ஃபைபர் வரும்போது கதை மாறுகிறது. கண்ணாடி இழை ஓ.என்.டி. என்ற பெட்டியில் முடிகிறது, அங்கிருந்து ரவுட்டர். தொலைபேசியை ரவுட்டரின் பின்னால்தான் செருக வேண்டும். படுக்கையறையிலும் கூடத்திலும் இருக்கும் பழைய சாக்கெட்டுகள் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். ரவுட்டரிலிருந்து அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்கலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய செம்பு லைனை முதலில் துண்டித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் சுமார் 50 வோல்ட் ரவுட்டரைக் கெடுத்துவிடலாம்.

அந்த 50 வோல்ட்டில்தான் விஷயமே இருக்கிறது. செம்புக் கம்பி குரலை மட்டும் கொண்டுவரவில்லை, மின்சாரத்தையும் கொண்டுவந்தது. ஊரே இருண்டாலும் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் போன் பேசும். ஃபைபரில் அது கிடையாது. 2018-ல் ஆஃப்காம் தந்த வழிகாட்டுதல், மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு மணி நேரம் எந்த மூலைக்குக் காணும்?

தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தானும் இந்த சாக்கெட்டை நம்பித்தான் இருக்கிறது. பிரிட்டனில் இத்தகைய சேவையைப் பயன்படுத்துவோர் சுமார் 18 லட்சம் பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. மாற்றத்துக்குப் பிறகு சில கருவிகள் வேலை செய்யாமல் போன பின்னர்தான், 2023 டிசம்பரில் நிறுவனங்கள் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. பழைய தொலைபேசி வலையமைப்பை மூடும் கெடுவும் 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

என் விமர்சனம் இதுதான். எல்லைக்கோடு வசதியாகத்தான் இருந்தது, ஆனால் அதன் விலை கம்பெனியின் குருட்டுத்தனம். மூடிக்கு இந்தப் பக்கம் எந்த ஒயரின் முனையில் எந்தக் கருவி தொங்குகிறது என்று கம்பெனிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. இப்போது மின்சாரப் பொறுப்பும் உள் ஒயரிங் பொறுப்பும் சத்தமில்லாமல் வீட்டுக்காரர் தலையில் வந்து இறங்கியிருக்கின்றன. விளம்பரமோ வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஃபைபர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செம்பு வயதாகிவிட்டது, அது போகத்தான் வேண்டும். ஆனால் இணைப்புப் போட வருபவர் வேக சோதனைக்கு முன்னால் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாக்கெட்டிலும் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேவைப்படும் வீட்டில் பேட்டரி, கேட்டால் கிடைக்கும் சலுகையாக இல்லாமல், இணைப்பின் பகுதியாகவே வர வேண்டும். உங்கள் அம்மாவோ அப்பாவோ அங்கே தனியாக இருந்தால், அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் நீங்களே ஒரு தரம் சுவரோரமாகப் போய்ப் பார்த்துவிடுங்கள்.