விரல் பயிற்சியும் இசையின்பமும்

இசைக்கருவி கற்பதில் பயிற்சி வேறு, இன்பம் வேறு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கோவிலம்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் வட்டாரச் சபைகளில் கீபோர்டு பயிலும் பிள்ளைகளிடையே அதன் விளைவைக் காண்கிறோம். சிலர் தரத்தேர்வுக்கெனச் சில உருப்படிகளையே ஆண்டு முழுவதும் இசைத்து, ஆராதனையில் ஒரு கீர்த்தனைக்குத் துணைசெய்ய இயலாது திகைக்கின்றனர். வேறு சிலர் கருவியின் தானியங்கித் தாளத்தை ஓடவிட்டு, இடக்கை ஒன்றும் கல்லாமலே மகிழ்கின்றனர். முன்னவர்க்கு மகிழ்ச்சியில்லை, பின்னவர்க்கு வளர்ச்சியில்லை.

இவ்விடத்தில் இரு நூல்களை ஒப்பிட்டு நோக்குதல் தகும். பிரெஞ்சு நாட்டவரான ஷார்ல் லூயி ஹானோன் 1873-இல் வெளியிட்ட நூல் 60 பயிற்சிகளைக் கொண்டது. எல்லா விரல்களுக்கும் சம வலிமை அளிப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் குறையுடையதன்று. ஆயினும் ஒரே சுரக்கோவையைப் படிப்படியாக உயர்த்தி இறக்கும் பயிற்சிகளில் செவிக்கு வேலை குறைவு. விரல் உழைக்கையில் உள்ளம் உறங்கிவிடலாம்.

யோகான் செபாஸ்தியன் பாக் 1720-இல் தம் ஒன்பது வயது மகனுக்கெனத் தொடங்கிய ஏட்டில் இடம்பெற்று, 1723-இல் திருத்தமுற்ற இன்வென்ஷன்கள் பதினைந்தும் வேறு வகையின. இரு குரல்களைத் தெளிவாக இசைத்தல், பாடுவதுபோல் இசைத்தல், இயற்றும் கலையை முன்சுவைத்தல் ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே நாடினார். முதல் இன்வென்ஷனில் வலக்கை கூறும் சிறு கருத்தை இடக்கை உடனே ஏற்றுக் கூறுகிறது. இங்கே பயிற்சியே இசையாகிறது. எனினும் விரல் சற்றும் பழகாதவர்க்கு இவை எட்டா என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் மரபும் இவ்வுண்மையை அறியும். சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்திற்குள்ளேயே தொடங்குகிறது. அதன் ஸரிகம, பதநிஸ ஆகிய இரு பாதிகளும் ஒரே இடைவெளி அமைப்புடையன. ஒன்றில் கற்றது மற்றொன்றில் உதவும். ஆயினும் தொடக்கக் கீதங்கள் தமிழ் மாணவர்க்குப் பொருள் விளங்காமொழியில் இருந்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தம் கருணாமிர்த சாகரத் திரட்டில் தமிழ்ப் பாடல்களைத் தந்து அக்குறையை நீக்க முற்பட்டார்.

ஆகவே, பயிற்சிக்கு இத்தனை நேரம், இன்பத்திற்கு இத்தனை நேரம் என நாழிகையைப் பங்கிடுதல் தீர்வாகாது. பாடலில் இடறும் அடியைத் தனியே எடுத்து, மெதுவாகப் பழகி, மீண்டும் பாடலிலேயே சேர்த்தல் வேண்டும். ஹானோனும் அப்பாடலுக்குப் பணியாளாக இருப்பின் பயன் தருவார். போதகர்களோ, தேர்ச்சிச் சான்று வரும்வரை பிள்ளைகளைக் காக்கவையாது, கற்ற ஒரே ஞானப்பாட்டையேனும் சபையார் பாட இசைக்க இடமளிப்பார்களாக. பிறர் பாடத் தான் இசைப்பவன் மறுநாள் பயிற்சிக்கு அழையாமலே அமர்வான்.