இறுதி வார்த்தையும் இறுதிக் கூக்குரலும்

பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல் முதல் மூன்று மணி வரை நடைபெறும் மும்மணி ஆராதனையில், சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிப்பது நம் திருச்சபைகளில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். இவ்வழக்கம் பலருடைய பக்தியை வளர்த்திருக்கிறது. அதனைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் இவ்வார்த்தைகளை நாம் எவ்வாறு பிரசங்கித்து வருகிறோம் என்பதையும், அப்பிரசங்கம் மரணப்படுக்கையருகே நாம் செய்யும் ஊழியத்தை எவ்வாறு உருவாக்கியிருக்கிறது என்பதையும் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை. இவ்வாராய்ச்சியில் முதலில் குற்றவாளியாய் நிற்பவன் நானே என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

ஏழு வார்த்தைகளும் ஒரே நற்செய்தி நூலில் இல்லை என்பது இறையியல் மாணவர் யாவரும் அறிந்ததே. லூக்கா மூன்றையும் யோவான் மூன்றையும் தருகின்றனர். மாற்கும் மத்தேயுவும் தருவது ஒன்றே. அது கைவிடப்பட்டவரின் கூக்குரல். நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக இணைக்கும் முயற்சி 2ஆம் நூற்றாண்டில் தாசியன் காலத்திலேயே தொடங்கியது. மும்மணித் தியானமோ பிற்காலத்தது. அது பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபையினரிடையே தோன்றி, ஐரோப்பாவுக்குப் பரவி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குள் இடம்பெற்றது. இவ்வமைப்பில் மன்னிப்பு முதலாவதாகவும், பிதாவின் கரத்தில் ஆவியை ஒப்படைப்பது ஏழாவதாகவும் நிற்கின்றன. மாற்கின் ஒரே வார்த்தை நான்காவதாக நடுவில் வைக்கப்பட்டுள்ளது.

இவ்வரிசையினால் நேர்ந்தது என்ன? மாற்கில் முடிவாக இருப்பது, நம் ஆராதனையில் இடையிலே கடந்து செல்லும் ஒரு சிறு இருளாகச் சுருங்கிவிட்டது. நான்காம் வார்த்தையைப் பிரசங்கிப்பவர், ஐந்து நிமிடங்களுக்குள் 22ஆம் சங்கீதத்தின் இறுதிப் பகுதிக்கு ஓடிவிடுவார். அச்சங்கீதம் துதியில் முடிகிறதென்றும், ஆண்டவர் அதனை முழுவதும் மனதில் கொண்டே முதலடியைச் சொன்னார் என்றும் விளக்குவார். சபையாரும் நிம்மதி அடைவர். இவ்விளக்கத்திற்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்கு அந்தத் துதியை எழுதவில்லை. எழுதாமல் விட்டதை நாம் எழுதிச் சேர்ப்பதற்கு முன், அவர் எழுதியதைக் கேட்டோமா என்பதே என் கேள்வி.

மாற்கு எழுதியவற்றுள் மூன்று கவனிக்கத்தக்கவை. முதலாவது, கெத்செமனேயில் பிதாவே என்று அழைத்தவர் (14:36) சிலுவையில் அவ்வாறு அழைக்கவில்லை; தேவன் என்றே அழைக்கிறார். எனினும் என்னுடையவர் என்னும் உரிமையை அவர் விடவில்லை. இரண்டாவது, அருகில் நின்றவர்கள் அக்குரலைத் தவறாகக் கேட்டனர். எலியாவைக் கூப்பிடுகிறார் என்று எண்ணினர் (15:35). நம் ஆண்டவரின் இறுதி வார்த்தையே அதைக் கேட்டவர்களால் பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்டது! மூன்றாவது, அவ்வார்த்தைக்குப் பின் மாற்கு குறிப்பது வார்த்தையே இல்லாத ஒரு மகா சத்தம் (15:37). அதன் பொருளை நற்செய்தியாளர் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தோடு அவர் மரித்த விதத்தைக் கண்ட ஒரு புறஜாதியானே இயேசுவை தேவகுமாரன் என்று அறிக்கையிடுகிறான். அவன் அமைதியான மரணத்தைக் கண்டு விசுவாசித்தவன் அல்லன்.

இதனை நம் பிரசங்கிகளைவிட இசையறிஞர் சிலர் நன்கு உணர்ந்திருந்தனர். பாக் இயற்றிய மத்தேயுவின்படி பாடுகள் என்னும் இசைப்படைப்பில், இயேசு பேசும் இடங்களிலெல்லாம் நரம்பிசைக் கருவிகள் அவருடைய குரலைச் சூழ்ந்து, ஓவியங்களில் காணும் ஒளிவட்டம்போல் ஒலிக்கும். கைவிடப்பட்ட கூக்குரலில் மட்டும் அவை நின்றுவிடுகின்றன. ஒளிவட்டம் அகன்று, குரல் தனித்து நிற்கிறது. ஸ்பெயின் நாட்டின் காதிஸ் நகர ஆராதனைக்காக ஹைடன் ஏழு வார்த்தைகளுக்கு அமைத்த இசையோ முதலில் பாடலற்ற வாத்திய இசையாகவே இருந்தது. அங்கே ஒரு வார்த்தையைக் கூறி அதன்மேல் பேசியபின், பிரசங்கி இறங்கி வந்து முழங்காற்படியிடுவார். அந்த இடைவேளையை இசை நிரப்பும். பேசியவர் மௌனமாய் முழங்காற்படியிடும் அந்த இடைவேளை நம் ஆராதனையில் இல்லை. ஒரு பிரசங்கி முடித்தவுடன் கீர்த்தனை, கீர்த்தனை முடிந்தவுடன் அடுத்த பிரசங்கி என்று மூன்று மணி நேரமும் சொற்களால் நிறைந்துவிடுகிறது.

பிரசங்க பீடத்தின் இவ்வழக்கம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கிறிஸ்தவன் ஒருவன் எவ்வாறு மரிக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பையும் அது உருவாக்குகிறது. லுத்தர் 1546 பிப்ரவரி 18இல் ஐஸ்லேபன் நகரில் மரணப்படுக்கையில் இருந்தபோது, கிறிஸ்துவிலும் தாம் போதித்த உபதேசத்திலும் நிலைத்து மரிக்கிறாரா என்று அருகிலிருந்த யுஸ்துஸ் யோனாஸும் மிகாயேல் கோலியுஸும் வினவினர். ஆம் என்றார் லுத்தர். அந்த விடை விரைவில் அச்சேறி வெளியாயிற்று. அவர் நம்பிக்கையற்று மரித்தார் என்று எதிரிகள் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். அக்காலத்தின் நெருக்கடியை நாம் உணரலாம். ஆனால் மரிக்கும் மனிதனின் வாயிலிருந்து ஒரு சான்றிதழைப் பெறும் பழக்கம் நம் சீர்திருத்த மரபிலும் நுழைந்துவிட்டது. அதற்கு இரு நாட்களுக்குமுன் லுத்தர் எழுதிவைத்த துண்டுத்தாளில், நாம் அனைவரும் பிச்சைக்காரரே என்ற கருத்து காணப்படுகிறது. அந்தச் சான்றிதழைவிட வெறுங்கையை நீட்டும் இவ்வறிக்கையே அவருடைய இறையியலுக்கு நெருக்கமானது.

போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9இல் ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள், உடன் கைதியாயிருந்த ஆங்கிலேயர் ஒருவர் வாயிலாகப் பேராயர் பெல்லுக்கு அவர் சொல்லியனுப்பிய நம்பிக்கைச் செய்தியை நாம் அறிவோம். அவர் ஜெபித்து, அமைதியோடு, சில நொடிகளில் மரித்தார் என்னும் விவரமோ முகாம் மருத்துவர் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதியது. அதன் உண்மையை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். அவருடைய மரணம் கொடியதாகவும் நீண்டதாகவும் இருந்திருக்கக்கூடும் என்பர். ஆயினும் நம் பிரசங்கங்களில் மருத்துவரின் விவரமே விரும்பிச் சொல்லப்படுகிறது. பாடுபடும் தேவனே நமக்கு உதவக்கூடியவர் என்று 1944 ஜூலையில் சிறையிலிருந்து எழுதிய மனிதருக்கு, பாடுபடாத மரணத்தை நாம் ஏன் தேடிக் கொடுக்கிறோம்?

இக்கேள்வியை நான் பிறரிடம் கேட்பதற்கு உரிமையற்றவன். என் ஊழியத்தின் தொடக்கக் காலத்தில், புற்றுநோயால் மரித்துக்கொண்டிருந்த சபை மூப்பர் ஒருவரின் படுக்கையருகே ஓர் இரவு முழுவதும் இருந்தேன். வலி பொறுக்க இயலாமல் அவர் தேவனைப் பெயர் சொல்லிக் கத்தினார். வீட்டார் கலங்குவதைக் கண்டு, அவருடைய குரல் கேளாதபடி என் ஜெபத்தின் குரலை உயர்த்தினேன். அடக்க ஆராதனையில், அவர் ஜெபத்தோடு அமைதியாய்க் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று பிரசங்கித்தேன். எட்டாம் நாள் அவருடைய மனைவி என்னிடம் வந்தார். “ஐயா, அவர் அமைதியாய்ப் போகவில்லை என்பது பக்கத்திலிருந்த உங்களுக்கே தெரியும். அவர் கத்தினது அவிசுவாசமா? அதனால்தான் மறைத்தீர்களா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஆறுதல் தருவதாக எண்ணிச் சொன்ன பொய், அந்த அம்மையாருக்குத் தம் கணவரின் இரட்சிப்பைக் குறித்தே ஐயத்தை உண்டாக்கியிருந்தது.

விடை நான் கையில் வைத்திருந்த வேதத்திலேயே இருந்தது. கிறிஸ்து பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்தார் என்றும், அது கேட்கப்பட்டது என்றும் எபிரெயர் நிருபம் (5:7) சாட்சியிடுகிறது. அவர் மரணத்திற்குத் தப்பவில்லை, ஆயினும் கேட்கப்பட்டார். வார்த்தைகளில் அடங்காத பெருமூச்சோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு (8:26) எழுதுகிறார். எனவே கூக்குரல் ஜெபத்தின் தோல்வியன்று; ஜெபத்தின் ஒரு வடிவம். விசுவாசம் மரிப்பவனின் அமைதியினால் அளக்கப்படுவதன்று. அவன் யாரை நோக்கிக் கூப்பிடுகிறான் என்பதிலும், அதைவிட மேலாக, கூப்பிடவும் இயலாதவனை யார் பற்றிக்கொண்டிருக்கிறார் என்பதிலுமே அது நிலைகொள்கிறது.

இதனால் துன்பத்தை நாம் போற்றவேண்டும் என்பது பொருளன்று. துன்பம் ஆத்துமாவைத் தானாகவே பரிசுத்தமாக்கும் என்று நோயாளியிடம் சொல்லுகிறவர், மாற்கின் சிலுவையை அறியாதவர். அங்கே வலி புகழப்படவில்லை. வலியுற்றவர் தேவனிடம் ஏன் என்று கேட்கிறார். சிலுவையில் அறையப்பட்ட தேவனைக் குறித்து 1972இல் நூல் எழுதிய மோல்ட்மன் இக்கூக்குரலையே இறையியலின் நடுவில் வைத்தார். அதற்காக அவருக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் அக்கேள்வியைத் திரித்துவ விளக்கத்தால் விரைவில் நிரப்பிவிடும் ஆபத்து, அவரைப் படிக்கும் மாணவருக்கு உண்டு. சங்கீதத்தின் துதிக்கு ஓடுவதும் இறையியல் விளக்கத்திற்கு ஓடுவதும் ஒரே ஓட்டந்தான்.

லூக்காவையும் யோவானையும் ஒதுக்கவேண்டும் என்று எவரும் எண்ணவேண்டாம். லூக்கா காட்டும் மரணத்தின் சாயலிலேயே ஸ்தேவான் மரித்தான் (அப்போஸ்தலர் 7:59, 60). அவ்வாறு மரிக்கும் கிருபை சிலருக்கு அருளப்படுகிறது; அதற்காகத் துதிப்போம். ஆனால் அது கிருபையாகவே இருக்கட்டும், சட்டமாக வேண்டாம்.

வரும் பெரிய வெள்ளிக்கிழமை நாம் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் சபைகள், நான்காம் வார்த்தைக்குப் பின் கீர்த்தனையோ விளக்கமோ இன்றிச் சில நிமிடங்கள் மௌனமாயிருக்கட்டும். மற்றொன்று, சில ஆண்டுகளிலாவது மாற்கின் பாடுகளின் வரலாற்றை மட்டும் முழுவதும் வாசித்துப் பிரசங்கிப்போம். அந்த மகா சத்தத்திற்குப் பின் வேறொரு நற்செய்தியிலிருந்து ஆறுதலான வார்த்தையைக் கடன் வாங்காமல், நூற்றுக்கு அதிபதி நின்ற இடத்தில் நாமும் நின்று பார்ப்போம். அவ்வாறு நிற்கக் கற்றுக்கொண்ட போதகரே, மரிப்பவரின் கூக்குரலுக்கு மேலாகத் தம் குரலை உயர்த்தாமல், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் அமர்ந்திருக்க வல்லவராவார்.