என்பும் உழைப்பும்: முதுமை பற்றிய இலக்கியக் கருத்துருவம் குறித்து ஒரு நோக்கு

தமிழ் இலக்கியத்தில் ஆணின் முதுமையைச் சித்திரிக்கும் பாடல்களுள் புறநானூற்று 243ஆம் பாடல் தலைசிறந்தது. தன் பாட்டில் வரும் ஊன்றுகோலின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என அறியப்பட்ட புலவர் அதனைப் பாடினார். மருதமரக் கிளையேறி மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையை, இருமலுக்கிடையே கோலூன்றி நடுங்கும் முதியவன் நினைந்து இரங்குகிறான். இதன் கலைவெற்றி மறுக்கற்பாலதன்று.

எனினும் சமூகவியல் நோக்கில் ஒரு வினா எழுகின்றது. விளையாட்டுக்கும் ஊன்றுகோலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் எங்கே? அம்முதியவன் என்ன தொழில் செய்தான், எச்சுமையைச் சுமந்தான் என்பவை பாடலில் இல்லை. உழைப்பின் காலம் நழுவிவிட, முதுமை காலத்தின் செயலாக மட்டும் எஞ்சுகின்றது. நிலையாமை பேசும் பிற்கால அற இலக்கியம் இதனையே விதியாக்கியது.

நவீன மருத்துவமும் இம்மௌனத்திலிருந்து முற்றாக விடுபடவில்லை என்பதே ஈண்டு வற்புறுத்தற்குரியது. எலும்புப்புரை நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறை, மாதவிடாய் நின்ற வெள்ளையினப் பெண்களை முன்னிறுத்தியது. இளம்பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து 2.5 நியம விலகல் குறைந்தால் அது நோய் எனப்பட்டது. பின்னர் ஆண்களுக்கும் அதே ஒப்பளவு பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும் உலகில் இடுப்பெலும்பு முறிவுக்கு உள்ளாவோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண். முறிவின்பின் ஓராண்டுக்குள் இறப்போர் விகிதமும் ஆண்களிடத்தே மிகுதி. சீன ஆண்களைத் தனித்து நோக்கும் முயற்சியாக ஹொங்கொங்கில் 2001 முதல் 65 வயதும் அதற்கு மேலுமான 2,000 ஆண்கள் ஆராயப்பட்டனர்.

அந்நகரின் அனுபவம் நமக்குப் பெரிதும் பயன்படும். 1960களுக்கும் 1980களுக்கும் இடையே அங்கு இடுப்பெலும்பு முறிவு கணிசமாகப் பெருகியது. அன்றாடம் நடத்தலும் சுமைதூக்கி நடத்தலும் குறைந்தோரிடத்தும், கல்சியம் குறைவாக உண்டோரிடத்தும் முறிவு மிகுதி என 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. சுமை தாங்கும் என்பே உறுதிபெறும் என்பது உடலியல் உண்மை. ஆயின் 2008இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பிராக்ஸ்' கணிப்பு முறை வயது, பால், எடை, புகைத்தல், மது, பெற்றோரின் முறிவு முதலியவற்றைக் கேட்கின்றது, தொழிலைக் கேட்பதில்லை. புறநானூற்றுப் பாடலில் விடுபட்ட அதே ஆண்டுகள் இங்கும் விடுபடுகின்றன.

தம்பலகாமத்தை எண்ணிப் பார்ப்போம். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் அவ்வயல்வெளியில் நாற்றுக்குக் குனிந்து, கதிரறுத்து, நெல்மூட்டை சுமந்த தலைமுறையின் என்பு உழைப்பால் உருவானது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அச்சுமை குறைந்தது. இதனைக்கொண்டு பழைய உழைப்பைப் போற்றிப்பாட முற்படின் அது பெருந்தவறு. சுமை என்பை வளர்க்கும். குறைகூலியும் குறையுணவும் அதனை அரிக்கும். நிலவுடைமையாளன் உண்ட பாலும் தயிரும் கூலியாளின் கலத்தில் எவ்வளவு விழுந்தன என்பதே உண்மையான வினா. ஒரே வெயிலும் ஒரே நீரும் பெற்ற ஊரிலும் என்பு வர்க்க வேறுபாட்டுக்கு அப்பாற்பட்டதன்று.

பேராசிரியர் க. கைலாசபதி போன்றோர் சங்கப் பாடல்களை அவை தோன்றிய சமுதாயத்தில் வைத்து நோக்கக் கற்பித்தனர். அந்நோக்கு உடலுக்கும் விரிதல் வேண்டும். வரம்பில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த முதிய கூலியாளைக் கண்டு 'வயது போய்விட்டது' எனக் கூறி அமைதல், நோயையும் மறைக்கும், சுரண்டலையும் மறைக்கும். கோலூன்றியவன் எத்தனை ஆண்டு யாருக்காகக் குனிந்தான் எனக் கேட்பது திறனாய்வாளனுக்கும் மருத்துவனுக்கும் பொதுவான கடமையாகும்.