அவள் பேச்சா, என் பேச்சா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். பத்து வருடமாக அடுப்படியில் நிற்கும் பெண் ஒரு நாள் கணவனிடம், “இந்த வீட்டில் என் உழைப்புக்கு அங்கீகாரமே இல்லை. ஆணாதிக்கம் என்னை இயந்திரமாக்கிவிட்டது” என்கிறாள். எழுதி முடித்தபோது மனம் நிறைந்திருந்தது. சத்தமாக வாசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அது அவள் குரல் அல்ல, கருத்தரங்கில் நான் பேசும் குரல்.

பல முறை அடித்துத் திருத்தியபின் அந்த இடம் இப்படி ஆனது:

“உப்புக் கம்மியா இருக்கு.”

“அத்தைக்கு பிரஷர். டப்பா உள்ள இருக்கு, போட்டுக்குங்க.”

“எங்க?”

“பத்து வருஷமா ஒரே இடத்துலதான் இருக்கு.”

அவள் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு உப்பு இருக்கும் இடம் தெரியவில்லை. முதல் பிரதியில் நான் முழங்கியதெல்லாம் இதற்குள் இருக்கிறது. கோபம் குறையவில்லை, அவளுடையதாகிவிட்டது.

பெண்ணியக் கதைகள் பலவற்றில் பெண்கள் தீர்ப்புரை வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள். பேச இடம் கிடைக்காதவளைப் பேசவைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் நம் பேச்சை அவள் வாயில் வைத்தால், அவள் பேச்சு மறுபடியும் யார் காதிலும் விழாமல் போகிறது.

திருத்துவதில் இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. இன்னொரு கதையில் ஒரு பாட்டி வாய் நிறைய வசவு வைத்திருந்தாள். வாசகர்கள் முகம் சுளிப்பார்களே என்று அவற்றை நீக்கினேன். செம்மைப்படுத்துகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பாமாவின் ‘சங்கதி’யை (1994) மறுபடி படித்தபோதுதான் நான் செய்தது தணிக்கை என்று புரிந்தது. அதில் தலித் பெண்களின் வசவும் நையாண்டியும் பாட்டும் அப்படியே இருக்கின்றன. முக்கியமானது, கதைசொல்லியும் அதே பேச்சுமொழியில்தான் கதை சொல்கிறாள். கதைசொல்லி எழுத்துத் தமிழில் நின்றுகொண்டு பாத்திரங்களை மட்டும் வட்டார வழக்கில் பேசவிடும்போது, அவள் ஒரு படி மேலே நிற்பதுபோல ஆகிவிடுவதுண்டு. பாமா அந்தப் படியை வைக்கவில்லை. சொல்பவளும் சொல்லப்படுபவர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது திருத்தும்போது ஒவ்வொரு உரையாடலையும் வாய்விட்டுப் படிக்கிறேன். இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆளிடம், இந்த நேரத்தில், இவள் இதைச் சொல்வாளா? ஒரு சொல்லை அடிக்கும்போது, கதைக்காக அடிக்கிறேனா, என் மரியாதைக்காகவா? முதல் கேள்வியில் என் பிரசங்கங்கள் பெரும்பாலும் விழுந்துவிடுகின்றன. இரண்டாவதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். நம்மை நல்ல பெண்களாக வளர்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உடன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாட்டியின் வசவுகளைத் திரும்ப எழுதிச் சேர்த்துவிட்டேன்.