மலைக்கு ஏற்ற முதல் வண்டி

பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது இன்று பல குடும்பங்களில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் பிள்ளை. பணம் கட்டுபவர் தந்தை. இருவருக்கும் வழிகாட்டுவது விளம்பரத் தாள். அந்தத் தாள் எதை உரக்கச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிவியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுவாகப் பேசினால் பயனில்லை. ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பழனிக்குத் தெற்கே, மலையின் காலடியில் அமைந்த பேரூர் பாலசமுத்திரம். இங்கு வாங்கும் வண்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. வார நாட்களில் பழனிக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் சமதளத்தில் ஓடவேண்டும். விடுமுறை வந்துவிட்டால் நண்பர்கள் கூடிக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். பழனி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 320 மீட்டர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். வரதமாநதி அணையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை, பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையுடன் சேர்கிறது. இடையில் ஏறும் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். சமதளத்தில் ஓட்டப் பழகியவர் ஒரே நாளில் இந்த உயரத்தை ஏறி, ஒரே நாளில் இறங்கியும் விடுகிறார். இந்த இரு வேலைக்கும் பொருந்தும் முதல் வண்டி எது?

எண்கள் பெருமை பேசும் தாள்

விளம்பரத் தாளைக் கையில் எடுங்கள். முதல் வரியில் சி.சி.; அடுத்துக் குதிரைத் திறன்; அதற்கடுத்து, எத்தனை நொடியில் 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்ற கணக்கு. இருக்கையின் உயரமும் வண்டியின் எடையும் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும். இறக்கத்தில் இயந்திரம் எவ்வளவு தடுப்பாற்றல் தரும், நடைவேகத்தில் தடுமாறாமல் ஓடுமா, குறுகிய வளைவில் எளிதாகத் திரும்புமா என்பனவற்றுக்குப் பட்டியலிலும் இடமில்லை. மலைச்சாலையில் உயிரைக் காப்பவை இவைதாம். ஆயினும் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"மலை ஏறவேண்டும், அதனால் பெரிய எஞ்சின் வேண்டும்" என்பது பிள்ளையின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏற்றத்துக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

வண்டியின் எடை 110 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, ஆக 170 கிலோ என்று கொள்வோம். 15 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவேண்டும். புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் தேவையான திறன் ஒன்றே கால் குதிரைத் திறன். காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் சேர்த்தாலும் இரண்டைத் தாண்டாது. பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை.

நம் நாட்டில் பெருவாரியாக ஓடும் ஸ்பிளெண்டர் போன்ற 100 சி.சி. வகையின் திறன் ஏறத்தாழ 8 குதிரைத் திறன். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உள்ளிழுக்கும் உயிர்வளியும் அந்த அளவே குறைகிறது. 2020 ஏப்ரலில் வந்த மாசுக்கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் அமைப்பு வந்திருக்கிறது. அது காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைக்குமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. ஆகவே எட்டு என்பது ஆறரையாகக் குறையும். அப்போதும் தேவையைப் போல் இரண்டரை மடங்கு கையிருப்பில் இருக்கிறது. மீதி வேலையைக் கியர் பார்த்துக்கொள்ளும்.

எனவே ஏற்றத்தைக் காட்டிப் பெரிய எஞ்சின் கேட்பவரின் வழக்கு இங்கேயே தள்ளுபடியாகிறது. உண்மையான சோதனை உச்சியிலிருந்து திரும்பும்போதுதான் தொடங்குகிறது.

இறக்கத்தின் கணக்கு

அந்த 170 கிலோவை 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியபோது சேர்ந்த நிலையாற்றல் ஏறத்தாழ 30 லட்சம் ஜூல். ஒன்பதரை லிட்டர் தண்ணீரை அறையின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும். பழனிக்கு இறங்கி வருவதற்குள் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது செலவாகியே தீரவேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் ஏற்கின்றன. எஞ்சியதை ஏற்பவை இரண்டு: ஒன்று பிரேக்கு, மற்றொன்று எஞ்சின்.

பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? டிரம் பிரேக்கில் தேயும் பட்டைகள் மூடிய கிண்ணத்துக்குள் இருக்கின்றன. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே சூடு ஏறும். பட்டையின் பிடிப்பு குறையும். முதல் வளைவில் பிடித்த பிரேக்கு முப்பதாவது வளைவில் அதே அழுத்தத்துக்குப் பிடிக்காது. டிஸ்க் பிரேக்கு திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் ஆறிவிடும்.

எஞ்சின் தரும் தடுப்பு இப்படிச் சூடேறிக் கெடுவதில்லை. ஆக்சிலேட்டரை மூடிவிட்டுத் தாழ்ந்த கியரில் இறங்கும்போது காற்று வரும் வழி அடைபடுகிறது. பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளுறுப்புகளின் உராய்வும் சேர்ந்து சக்கரத்தைப் பின்னிழுக்கிறது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்ற ஓட்டுநர்களின் பழைய விதிக்கு இதுவே காரணம்.

இதற்கு நேர்மாறான அறிவுரையையும் நீங்கள் வீட்டில் கேட்டிருக்கலாம்: "இறக்கத்தில் கிளச்சைப் பிடித்து உருட்டி வா, எஞ்சினுக்கு நல்லது, பெட்ரோலும் மிச்சம்." சொன்ன பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஓட்டிய ராஜ்தூத்தும் யெஸ்டியும் டி.வி.எஸ். 50-ம் இருவீச்சு எஞ்சின்கள். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் அவற்றின் பிஸ்டனுக்கு மசகு. நெடிய இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும் அபாயம் இருந்தது. இன்றைய நான்குவீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் தனியே சுற்றி வருகிறது. பெட்ரோல் தெளிக்கும் அமைப்புள்ள வண்டிகளில் பெரும்பாலானவை, கியரில் இறங்கும்போது பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் உருட்டினால்தான் எஞ்சின் தன் ஓட்டத்துக்காகப் பெட்ரோல் குடிக்கும். வண்டி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறாமல் நிற்கிறது.

நிற்கும் தூரம்

ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு நல்ல பிரேக்கு, உலர்ந்த சாலை. மேற்சொன்ன அதே சரிவில் இறங்கும்போது, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ 25 மீட்டர் ஆகும். 60 கிலோமீட்டர் வேகமானால் 49 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடியதற்குத் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. கொண்டையூசி வளைவில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது 49 மீட்டரா? பல வளைவுகளில் அதில் பாதியும் தெரியாது. மூடுபனி, மழை ஈரம், சாலையில் கொட்டிய மணல் எதையும் இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

வகை வகையாக ஒரு மதிப்பீடு

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலுள்ள வண்டிகளைப் பார்ப்போம்.

மோபெட்: இலகுவானது, தாழ்வானது. டி.வி.எஸ். எக்ஸ்எல் 100 வகை தோட்டத்துக்கும் சந்தைக்கும் சிறந்த உழைப்பாளி. ஆனால் அதற்கு ஒரே கியர் வீதம். இறக்கத்துக்கென்று தாழ்த்திக்கொள்ள வேறு கியர் இல்லை; சுமையெல்லாம் பிரேக்கின் தலையில் விழும்.

ஸ்கூட்டர்: ஓட்டப் பழக இதைவிட எளிதானது இல்லை. சமதளத்தில் குறை சொல்ல முடியாது. மலையில் இரண்டு குறைகள். சக்கரம் சிறியது; குழியில் தடுமாறும். வேகம் மிகக் குறைந்தால் தானியங்கிக் கிளச்சு எஞ்சினைச் சக்கரத்திலிருந்து விடுவித்துவிடும். தடுப்பு வேண்டிய இடத்தில் தடுப்பு போய்விடும்.

100 முதல் 125 சி.சி. வரை மோட்டார் சைக்கிள்: எடை ஏறத்தாழ 110 முதல் 125 கிலோ. நான்கு அல்லது ஐந்து கியர், பெரிய சக்கரம், கால் தரையில் ஊன்றும் உயரம். கற்றுக்குட்டி கீழே போட்டாலும் தானே தூக்கி நிறுத்தலாம். பாலசமுத்திரத்துப் பிள்ளையின் இரு வேலைக்கும் பொருந்துவது இதுவே. குறையும் உண்டு. விலை குறைந்த வகைகளில் முன்சக்கரத்துக்கும் டிரம் பிரேக்குதான்.

150 முதல் 160 சி.சி. வரை: நல்ல பிரேக்கு, அகன்ற டயர். ஓராண்டு பழகியவருக்குத் தகும்.

200 சி.சி.யும் அதற்கு மேலும்: எடை 150 கிலோ அல்லது அதைத் தாண்டும், திறன் 20 குதிரைத் திறன் அளவிலோ அதற்கு மேலோ. வளைவின் நடுவில் மணிக்கட்டு சற்றே அதிகமாகத் திரும்பினால் போதும், வண்டி பாய்ந்துவிடும். முதல் வண்டியாக இதை வாங்குவதை எந்தக் கணக்கும் ஆதரிக்கவில்லை.

தயாரிப்பாளர்கள் மீது ஒரு குற்றச்சாட்டு

இங்கேதான் நம் கண்டனத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பை அறிவீர்கள். சக்கரம் திடீரென நிற்கப் போவதை உணர்கருவி அறிந்து, பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பவர் யார்? புதிதாக ஓட்டுபவர்தானே! ஆனால் 2018-19-ல் நடைமுறைக்கு வந்த விதி, 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றது. அதற்கு உட்பட்டவற்றுக்கு இரு பிரேக்கையும் ஒன்றாக இயக்கும் சி.பி.எஸ். போதும் என்று விட்டது. அவ்வமைப்பு சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. விதி குறைந்த அளவைத்தான் வகுத்தது. அதற்கு மேல் செய்ய யாரும் தடுக்கவில்லை. இருந்தும் பாதுகாப்பைத் திறனோடு சேர்த்துக் கட்டி விற்றார்கள். நல்ல பிரேக்கு வேண்டுமா, தேவையற்ற குதிரைகளையும் சேர்த்து வாங்கு என்பதே இதன் பொருள்.

பனி நாடுகளில் வேறு வழக்கம் உண்டு. பனிமேல் சறுக்கி ஓடும் பனியூர்தியை அறிந்திருப்பீர்கள். காஷ்மீரத்துக் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் வண்டி அது. கனடாவின் பொம்பார்டியர் 1959-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூ இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது. மலைப்பனிக்கான பெரிய ஊர்திகளில் 850 சி.சி. வகையும் உண்டு. ஆனால் சிறுவர்களுக்கென்று 120 சி.சி. வகை தனியே செய்யப்படுகிறது. அதன் வேகம் ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குமேல் போகாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஓட்டுபவர் உடையில் கோத்த கயிறு, அவர் விழுந்த உடனே எஞ்சினை நிறுத்திவிடும். பழகப் பழக அடுத்த படி. அங்கே தயாரிப்பாளரே ஏணி வைத்துத் தருகிறார். இங்கே ஏணியின் முதல் படியை நாமேதான் தேடவேண்டும்.

சட்டத்திலும் இந்த இடைவெளி தெரிகிறது. 16 வயது நிறைந்தவர் 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டியை உரிமம் பெற்று ஓட்டலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அந்த அளவில் பெட்ரோல் வண்டி கடையில் கிடைப்பது அரிது. மற்ற மோட்டார் சைக்கிளுக்கு 18 வயது நிறையவேண்டும். அதற்கு முன் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவர் குற்றம் இழைத்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

கடையில் நீங்கள் செய்யவேண்டிய சோதனை

விற்பனையாளர் சி.சி.யைப் பற்றிப் பேசும்போது பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையை வண்டியில் உட்காரச் சொல்லுங்கள். இரு பாதமும் முழுமையாகத் தரையில் படிகின்றனவா? விரல்கள் பிரேக்கையும் கிளச்சையும் எளிதில் எட்டுகின்றனவா? எஞ்சினை நிறுத்தியபின் சிறு சரிவில் வண்டியைத் தனியே பின்னுக்குத் தள்ள முடிகிறதா? முதல் கியரில், நடந்து செல்லும் ஒருவருக்கு இணையாகத் தடுமாறாமல் ஓட்ட முடிகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் அந்த வண்டி தகுதியுடையது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கு கட்டாயம் வேண்டும். சில 125 சி.சி. வகைகளில் ஏ.பி.எஸ். கிடைக்கிறது; கிடைத்தால் அதற்கே முதலிடம். இரண்டு ஐ.எஸ்.ஐ. தலைக்கவசத்தின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பின்னால் அமர்பவருக்கும் தலை உண்டு.

வாங்கிய வாரமே மலைக்கு அனுப்பாதீர்கள். முதலில் சமதளம், பிறகு அணைப்பகுதி வரை சிறு ஏற்றங்கள், பிறகே மலைச்சாலை, அதுவும் பகலில், பின்னால் ஆள் இல்லாமல். வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாய்ந்து திரும்பும்போது இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கை ஏ.பி.எஸ். கூட முழுவதும் காப்பாற்றாது.

எந்த வண்டியும் கொடைக்கானலுக்கு ஏறிவிடும். ஆகவே "இது எவ்வளவு வேகமாக ஏறும்?" என்று கேட்டு வாங்காதீர்கள். "இது என் பிள்ளையை எவ்வளவு மெதுவாக இறக்கிக் கொண்டுவரும்?" என்று கேளுங்கள். விளம்பரத் தாளில் அதற்கு விடை இராது. அந்த விடையை நீங்களே கண்டறிந்த பின் பணத்தைக் கட்டுங்கள்.