லென்ஸ் பூட்டும் வளையமும் ஐந்து மரபுகளும்

முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை மெகாபிக்சல், என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். எந்த மவுண்ட் என்று கேட்பவர்கள் குறைவு. பாடியின் முன்னால் லென்ஸ் பூட்டும் அந்த உலோக வளையத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். பத்திரமாக வைத்துக்கொண்டால் நல்ல லென்ஸ் முப்பது வருடம் உழைக்கும். ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் வளையத்தில் நேராக உட்காராது. முதல் பாடிக்குப் பணம் கட்டும்போதே இனி வாங்கப்போகும் லென்ஸ்களின் குடும்பமும் முடிவாகிவிடுகிறது.

இந்தக் குடும்பங்களில் நிக்கானின் எஃப் மவுண்ட் மூத்தது. 1959இல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்தது. வளையத்திலிருந்து ஃபிலிம் வரை அன்று வைத்த 46.5 மி.மீ. தூரம், ஃபிலிம் இருந்த இடத்துக்கு சென்சார் வந்த பிறகும் மாறவில்லை. பழைய லென்ஸ் வைத்திருப்பவரைக் கைவிடக் கூடாது என்பது இந்த மரபின் கொள்கை. அதற்காக உள்ளே பல ஒட்டுவேலைகள் நடந்தன. 1986இல் வந்த எஃப்-501இல் ஆட்டோ ஃபோகஸுக்கான மோட்டாரைப் பாடிக்குள் வைத்தார்கள். வளையத்தின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் நுனி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது லென்ஸின் பின்புறத் துளையில் பொருந்திச் சுழன்று ஃபோகஸ் செய்யும். 2006இல் வந்த டி40இல் அந்த நுனியை எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த டி3000, டி5000 வரிசைப் பாடிகளிலும் அது கிடையாது. அவற்றில், உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை 50 எம்.எம். லென்ஸைப் பூட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி90இலும் டி7000 வரிசையிலும் மோட்டார் உண்டு. செகண்ட் ஹேண்டில் நிக்கான் பாடி பார்க்கிறவர்கள் லென்ஸைக் கழற்றி முதலில் அந்த நுனி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேனான் நேர் எதிரான வழியில் போனது. 1971 முதல் விற்றுவந்த எஃப்டி மவுண்டை 1987இல் அடியோடு கைவிட்டு, ஈஓஎஸ் 650 பாடியோடு ஈஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ்களில் பணம் போட்டிருந்தவர்களுக்கு அது பெரிய இடி. ஆனால் புதிய வளையம் 54 மி.மீ. அகலம். நெம்புகோல், ஸ்க்ரூ எதுவும் இல்லை. பாடியும் லென்ஸும் மின்தொடர்பு வழியாகவே பேசிக்கொண்டன. மோட்டார் லென்ஸுக்குள் போய்விட்டது. அதனால் 1987இல் வந்த ஆட்டோ ஃபோகஸ் ஈஎஃப் லென்ஸ்கூட இன்று எந்த கேனான் டி.எஸ்.எல்.ஆரிலும் தானாக ஃபோகஸ் ஆகும். அன்று அவர்கள் எடுத்தது துணிச்சலான முடிவு, சரியான முடிவு என்பது என் கருத்து. அதன் பலனை அதிகம் அனுபவிப்பவர்கள் புதிதாக வருகிறவர்கள்தான்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 2003இல் 300டி பாடியோடு வந்த ஈஎஃப்-எஸ் லென்ஸ்களில் வெள்ளைச் சதுரப் புள்ளி இருக்கும். அவை சின்ன சென்சார் பாடிகளுக்கானவை; கேனானின் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் பாடிகளில் ஏறாது. சிவப்புப் புள்ளி உள்ளவை இரண்டிலும் ஏறும். நிக்கானில் சின்ன சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேமிலும் ஏறும். படத்தின் நடுப்பகுதி மட்டும் பதிவாகும்.

டி.எஸ்.எல்.ஆரில் வீடியோவை முதலில் கொண்டுவந்தது 2008இல் நிக்கான் டி90. அதே வருடம் வந்த கேனான் 5டி மார்க் 2 முழு எச்.டி. தந்தது. சினிமாக்காரர்கள் கேனான் பக்கம் திரும்பினார்கள். 2012இல் வந்த ‘வழக்கு எண் 18/9’ கேனான் 7டியில் எடுத்த படம்.

பென்டாக்ஸின் கே மவுண்ட் 1975இல் வந்தது. 2006இல் கே100டி முதல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி பாடிக்குள்ளேயே வந்துவிட்டதால், அப்பா காலத்து லென்ஸுக்கும் அந்தப் பலன் கிடைக்கும். கே-50 போன்ற நடுத்தரப் பாடியிலும் கண்ணாடிப் பட்டக வியூஃபைண்டர் வைத்து, சட்டத்தில் விழும் காட்சியை முழுதாகக் காட்டினார்கள். கேனான் 700டியில் 95 சதவீதம்தான் தெரியும். இவ்வளவு இருந்தும் நம் ஊர்க் கடைகளில் பென்டாக்ஸ் லென்ஸ் தேடிப் பிடிப்பது கஷ்டம். மினோல்டா 1985இல் தொடங்கிய மரபு 2006இல் சோனி கைக்குப் போய், இப்போது நின்றுவிட்டது. ஒலிம்பஸின் ஃபோர் தேர்ட்ஸ் 2003இல் இ-1 பாடியோடு வந்து 2010இல் இ-5ஓடு முடிந்தது. சென்சார் தூசியை உதறித் தள்ளும் ஏற்பாட்டைப் பழக்கப்படுத்திய பெருமை அதற்கு உண்டு.

2018இல் கேனானும் நிக்கானும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களுக்குப் புது மவுண்ட் போட்டுவிட்டன. பின்னால் அங்கே மாற நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேனானின் அடாப்டரில் ஈஎஃப் லென்ஸ் வழக்கம்போல வேலை செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. ஸ்க்ரூ வகை லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது.

பழைய சரக்கு வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் கேளுங்கள். நுழைவுநிலைப் பாடிகள் பலவற்றின் ஷட்டருக்கு 1 லட்சம் கிளிக், டி7000க்கு 1.5 லட்சம் என்று கம்பெனியே கணக்குச் சொல்லியிருக்கிறது. லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி இழை போல வெள்ளையாகக் கிளை பிரிந்து ஓடினால் அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது சீக்கிரம் பிடிக்கும். விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம். நல்ல லென்ஸ் கிடைத்தால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

வீட்டு பீரோவில் பழைய நிக்கான் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் இருந்தால் டி7000 வரிசையில் ஒரு பாடி தேடுங்கள். எதுவும் இல்லாமல் தொடங்குகிறவர் கேனான் ஈஎஃப் பக்கம் வரலாம். பாடியில் மிச்சம் பிடித்து, கிட் லென்ஸோடு 50 எம்.எம். எஃப்/1.8 ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.